உயர் இரத்த அழுத்தத்திற்கான கூட்டு மாத்திரை: பாதுகாப்பாக உட்கொள்வது எப்படி?

நெய்வேலி நகரியத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் வாழும் நோயாளர்களுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்குமான விளக்கம்

உயர் இரத்த அழுத்தத்திற்குச் சிகிச்சை பெறுவோரில் பலருக்கு இன்று இரண்டு அல்லது மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்த்து வழங்கப்படுகின்றன. இதுவே கூட்டு மாத்திரை எனப்படும். இதனால் விழுங்க வேண்டிய மாத்திரைகளின் எண்ணிக்கை குறைகிறது, மறதியும் குறைகிறது. ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கண்ணுக்கு அது ஒரு மாத்திரை. உடலுக்கு அது இரண்டு அல்லது மூன்று மருந்துகள். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயனும், தனித்தனிப் பக்க விளைவும், தனித்தனி எச்சரிக்கையும் உண்டு. இப்பக்கத்தில் கூறப்படும் அறிவுரைகள் அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறப்பவை.

கூட்டு மாத்திரையில் என்னென்ன மருந்துகள் இருக்கும்?

தமிழ்நாட்டில் பரவலாகப் பயன்படும் கூட்டு மாத்திரைகளில் பின்வரும் மருந்துகள் இடம்பெறுகின்றன.

• டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவை: இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் சுரப்புப் பொருளின் செயலைத் தடுக்கின்றன.

• அம்லோடிபைன், சில்னிடிபைன் போன்றவை: இரத்தக் குழாய்ச் சுவரின் தசைகளுக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, குழாய்களைத் தளர்த்துகின்றன.

• ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தலிடோன் போன்றவை: மிகுதியான உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இவை சிறுநீர்ப் பெருக்கிகள் எனப்படும்.

• மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்றவை: இதயத் துடிப்பின் வேகத்தையும் விசையையும் தணிக்கின்றன. இதய நோய் உள்ளவர்களுக்கு இவை கூடுதலாகச் சேர்க்கப்படுவதுண்டு.

டெல்மிசார்டன் 40 மி.கி.யுடன் அம்லோடிபைன் 5 மி.கி. சேர்ந்த மாத்திரை நாம் அடிக்கடி காண்பது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் உயர் இரத்த அழுத்தத்திற்கான கூட்டு மாத்திரைகளைத் தனது இன்றியமையா மருந்துகள் பட்டியலில் முதன்முறையாகச் சேர்த்தது. டெல்மிசார்டன், அம்லோடிபைன் கூட்டும் அவற்றுள் ஒன்று.

ஒரு மருந்து போதாதா?

இரத்த அழுத்தம் உயர்வதற்குக் காரணம் ஒன்றன்று. குழாய்கள் சுருங்குவது ஒரு காரணம். உடலில் உப்பும் நீரும் தேங்குவது மற்றொன்று. சிறுநீரகமும் சுரப்புப் பொருள்களும் விடுக்கும் கட்டளை வேறொன்று. ஒரே மருந்தின் அளவை மேலும் மேலும் கூட்டினால் அழுத்தம் சிறிதளவே குறைகிறது. பக்க விளைவோ பெருகுகிறது. வெவ்வேறு வழியில் செயற்படும் இரு மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்தால் பயன் கூடுகிறது, தொல்லை குறைகிறது. அம்லோடிபைனால் ஏற்படும் கால் வீக்கம், டெல்மிசார்டன் உடனிருக்கும்போது குறைவாகவே தோன்றுவது இதற்கு ஒரு சான்று.

எனவே, "எனக்கு நோய் முற்றிவிட்டது, அதனால்தான் இரண்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள்" என்று அஞ்ச வேண்டியதில்லை. தொடக்கத்திலிருந்தே கூட்டு மாத்திரை தருவது இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை முறையாகும்.

முதலில் உங்கள் மாத்திரை அட்டையைப் படியுங்கள்

மாத்திரை அட்டையின் பின்புறத்தில் வணிகப் பெயருடன் உள்ளடங்கிய மருந்துகளின் பெயர்களும் அளவுகளும் அச்சிடப்பட்டிருக்கும். வணிகப் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மருந்தின் பெயர் மாறாது. ஆகவே நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியது மருந்தின் பெயரையே.

வணிகப் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் ஓரளவு உதவும். பெரும்பாலும் 'ஏஎம்' என்பது அம்லோடிபைனையும், 'எச்' என்பது ஹைட்ரோகுளோரோதயசைடையும், 'சிடி' என்பது குளோர்தலிடோனையும் குறிக்கும். அதே வணிகப் பெயரில், எழுத்து மட்டும் மாறிய அட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடையில் 'ஏஎம்' என்பதற்குப் பதிலாக 'எச்' என்று முடியும் அட்டை தரப்பட்டால் அது வேறு மருந்து. மருந்துக் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். எழுத்தை மட்டும் நம்பாமல், பின்புறம் உள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் சரிபாருங்கள்.

ஒரே மருந்து இருமுறை சேரும் ஆபத்து

நெய்வேலியில் வாழ்வோர் மருந்து பெறும் இடங்கள் பல. நகரியத்தில் என்எல்சி இந்தியா நிறுவனத்தின் பொது மருத்துவமனை உள்ளது. சுற்றியுள்ள ஊர்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகள் வீட்டிற்கே வந்து சேர்கின்றன. இவற்றுடன் பண்ருட்டி, கடலூர், புதுச்சேரி ஆகிய இடங்களில் சிறப்பு மருத்துவர்களைப் பார்த்து வருவோரும் உண்டு. பணி ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்து சொந்த ஊருக்குச் செல்வோருக்கு மருத்துவரே மாறிவிடுகிறார். மருந்து எளிதில் கிடைப்பது நன்மையே. ஆனால் ஓரிடத்தில் தரப்பட்ட மருந்து மற்றோரிடத்தில் தெரியாமற்போனால் தீங்கு நேரலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் நாள்தோறும் அம்லோடிபைன் 5 மி.கி. உட்கொண்டு வருகிறார். வேறொரு மருத்துவரிடம் சென்றபோது டெல்மிசார்டன் 40 மி.கி.யும் அம்லோடிபைன் 5 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை எழுதப்படுகிறது. பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதை அவர் அறியவில்லை. இரண்டையும் விழுங்குகிறார். அம்லோடிபைன் இப்போது 10 மி.கி. ஆகிவிட்டது.

சில வாரங்களில் கணுக்கால் வீங்குகிறது. காரணம் தெரியாமல் வீக்கத்திற்கென்று சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை ஒன்று சேர்கிறது. இதற்கிடையில் மூட்டுவலிக்காகக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார். டெல்மிசார்டன், சிறுநீர்ப் பெருக்கி, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒன்று சேரும்போது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து, அதன் செயற்பாடு திடீரெனப் பாதிக்கப்படலாம். தொடக்கம் ஒரு மாத்திரையை நிறுத்தாமல் விட்டது. முடிவு சிறுநீரகச் சேதம். இச்சங்கிலியை எந்தக் கண்ணியிலும் அறுக்க முடியும். அதற்கு வேண்டியது ஒரு கேள்வி மட்டுமே.

புதிய மருந்துச் சீட்டைப் பெறும்போதெல்லாம் கேளுங்கள்: "இந்தப் புதிய மாத்திரையைத் தொடங்கும்போது, நான் ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்?"

வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், நிறுத்தியவை உட்பட, ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். சித்த மருந்து, கஷாயம், சத்து மாத்திரை ஆகியவையும் அப்பையில் இருக்கட்டும்.

எப்போது உட்கொள்ள வேண்டும்?

பெரும்பாலான கூட்டு மாத்திரைகள் நாளொன்றுக்கு ஒரு முறை உட்கொள்ளத் தக்கவை. டெல்மிசார்டன், அம்லோடிபைன் கூட்டு மாத்திரையை உணவுக்கு முன்போ பின்போ உட்கொள்ளலாம். காலையில் உட்கொள்வது சிறந்ததா, இரவில் உட்கொள்வது சிறந்ததா என்று பலர் கேட்பதுண்டு. பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைத் தடுப்பதில் இரு நேரங்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எனவே உங்களுக்கு மறக்காத நேரமே உங்களுக்கு ஏற்ற நேரம்.

சிறுநீர்ப் பெருக்கி அடங்கிய மாத்திரையை உறங்கச் செல்லும் வேளையில் தவிர்ப்பது நல்லது. அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ நேர்ந்து உறக்கம் கெடும். இருட்டில் எழுந்து நடக்கும் முதியவர்கள் தடுமாறி விழவும் கூடும்.

முறைப்பணியில் உள்ளவர்களுக்கு

சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டு முறையில் பணியாற்றுவோருக்கு உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் வாரத்திற்கு வாரம் மாறும். "காலைச் சிற்றுண்டிக்குப் பின்" என்ற அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. எந்த ஷிப்டிலும் நீங்கள் விழித்திருக்கும் ஒரு நேரத்தைத் தேர்ந்து, கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். டெல்மிசார்டன், அம்லோடிபைன் ஆகிய இரண்டும் 24 மணி நேரத்திற்குக் குறையாமல் செயற்படுபவை. ஆதலால் ஓரிரு மணி நேரம் முன்பின் ஆவதால் தீங்கில்லை. ஒரு நாளை முழுவதும் விட்டுவிடுவதே தீங்கு. சிறுநீர்ப் பெருக்கி அடங்கிய மாத்திரையானால், இரவு ஷிப்டு வாரத்தில் அதை எப்போது உட்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும், அளவு கூட்டப்பட்ட பின்னரும் தலைசுற்றல் வரலாம். கனரக வாகனம் ஓட்டுவோர், உயரத்தில் ஏறிப் பணி செய்வோர், பெரும் இயந்திரங்களை இயக்குவோர் ஆகியோர் தமக்கு மருந்து எவ்வாறு ஒத்துப்போகிறது என்று தெரியும் வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தலைசுற்றல் இருந்தால் அப்பணியை மேற்கொள்ளாமல், மேற்பார்வையாளரிடமும் மருத்துவரிடமும் தெரிவிக்க வேண்டும். காலமுறை மருத்துவப் பரிசோதனையின்போது நீங்கள் உட்கொள்ளும் மருந்தை மறைக்காதீர்கள். அன்றைய அளவீடு குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூடுதல் மாத்திரை விழுங்குவது மயக்கத்தில் கொண்டுவிடும்.

ஒரு வேளை மறந்துவிட்டால்

நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டால், மறந்ததை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள். ஈடு செய்வதற்காக இரண்டு மாத்திரைகளை ஒருசேர விழுங்கக் கூடாது. ஒரு மாத்திரை என்று தோன்றினாலும், அவ்வாறு செய்தால் இரண்டு மருந்துகளும் இரட்டிப்பாகின்றன.

மாத்திரையை எப்படி வைத்திருப்பது?

டெல்மிசார்டன் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகவே மாத்திரையை விழுங்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். வாரம் முழுவதற்கும் மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் இட்டு வைப்பதைத் தவிருங்கள். டப்பா பயன்படுத்த விரும்பினால், பிரிக்காத அட்டையைத் துண்டாக வெட்டி இடுங்கள். மருந்துப் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைக் கடைசி வரை வைத்திருங்கள். சமையலறையிலும் குளியலறை அருகிலும் வெயில் படும் சன்னலோரத்திலும் மருந்தை வைக்கக் கூடாது. அளவைக் குறைக்கும் எண்ணத்துடன் நீங்களாகவே மாத்திரையை உடைத்துப் பாதியாக உட்கொள்ளாதீர்கள். அப்போது உள்ளிருக்கும் எல்லா மருந்துகளும் ஒருசேரக் குறைந்துவிடும்.

எந்தத் தொல்லை எந்த மருந்தால்?

பக்க விளைவு எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால், அது எந்த மருந்தால் வந்திருக்கக்கூடும் என்பதை அறிந்திருப்பது மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல உதவும்.

• கணுக்கால் வீக்கம், முகம் சிவந்து சூடாதல், தலைவலி, ஈறு தடித்தல்: பெரும்பாலும் அம்லோடிபைன். பல் மருத்துவரிடம் செல்லும்போதும் இம்மருந்தைக் குறிப்பிடுங்கள்.

• இரத்தத்தில் பொட்டாசியம் உயர்தல், கிரியேட்டினின் உயர்தல்: டெல்மிசார்டன், லோசார்டன். இவற்றுக்குப் பெரும்பாலும் வெளியில் அறிகுறி இராது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

• சோடியமும் பொட்டாசியமும் குறைதல், தசைப்பிடிப்பு, சோர்வு, யூரிக் அமிலம் உயர்ந்து கால் பெருவிரல் மூட்டு வீங்கி வலித்தல், வெயில் பட்ட தோல் எளிதில் சிவத்தல்: சிறுநீர்ப் பெருக்கிகள். முதியவர்களுக்குத் திடீரென மனக்குழப்பமோ தடுமாற்றமோ தோன்றினால் சோடியம் குறைந்திருக்கலாம்; உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

• நாடித் துடிப்பு மிகவும் குறைதல், கை கால் குளிர்தல்: மெட்டோபுரோலால், அட்டெனோலால்.

• படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழும்போது தலைசுற்றல்: எந்த மருந்தாலும் வரலாம். மெல்ல எழுந்து, ஒரு நிமிடம் அமர்ந்து, பின்னர் நடக்கத் தொடங்குங்கள்.

கால் வீக்கத்தைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதற்கென வேறொரு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவும் வேண்டாம். மருத்துவர் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ தீர்வு காண்பார்.

சேர்த்து உட்கொள்ளக் கூடாதவை

வலி மாத்திரைகள்: டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், அசெகுளோஃபெனாக் போன்றவை இரத்த அழுத்தத்தை உயர்த்தும், கூட்டு மாத்திரையின் பயனைக் குறைக்கும், மேலே கூறியவாறு சிறுநீரகத்தையும் தாக்கும். மூட்டுவலி, முதுகுவலிக்கென இவற்றை மருத்துவச் சீட்டின்றி வாங்காதீர்கள். குறுகிய கால வலிக்குப் பாராசிட்டமால் ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீரில் இட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும் பொடிகளிலும் சோடியம் மிகுதி, அவற்றைத் தவிருங்கள்.

சளி மாத்திரைகள்: மூக்கடைப்பைப் போக்கும் ஃபீனைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் ஆகியவை இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. பல சளி மாத்திரைகளில் இவை அடங்கியிருக்கும். கடைக்காரரிடம் "எனக்கு இரத்த அழுத்தம் உள்ளது" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

அதிமதுரம்: இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் நம் வீடுகளில் பயன்படும் அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். சிறுநீர்ப் பெருக்கி அடங்கிய மாத்திரையை உட்கொள்வோருக்கு இது இரட்டைப் பாதிப்பு.

பிற மருந்துகள்: மனநலச் சிகிச்சைக்கான லித்தியம், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றை உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

உப்பும் உணவும்

நாளொன்றுக்கு ஒருவர் உட்கொள்ளும் உப்பு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, கடைகளில் விற்கும் காரவகைகள் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இக்கணக்கில் சேரும். இந்துப்பும் உப்பே, அது இரத்த அழுத்தத்தை ஏற்றாது என்னும் நம்பிக்கை சரியன்று.

'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுபவற்றில் சோடியத்திற்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். டெல்மிசார்டன், லோசார்டன் ஆகியவை உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் தன்மையுடையவை. எனவே மருத்துவரைக் கேட்காமல் இவ்வுப்புக்கு மாறக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். இளநீரும், பண்ருட்டிப் பகுதியில் மிகுதியாக விளையும் பலாப்பழமும் பொட்டாசியம் நிறைந்தவை. சிறுநீரகம் நலமாக இருப்பவர்கள் இவற்றை அளவோடு உண்ணலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் எவ்வளவு உண்ணலாம் என்பதைக் கேட்டறிய வேண்டும்.

மது இரத்த அழுத்தத்தை உயர்த்துவதுடன், மருந்துடன் சேரும்போது மயக்கத்தையும் தரும். புகையிலையை எவ்வடிவிலும் விட்டுவிடுவது, இரத்தக் குழாய்களுக்கு நீங்கள் செய்யும் பேருதவி.

கத்திரி வெயிலிலும் வயிற்றுப்போக்கிலும்

திறந்தவெளிச் சுரங்கத்தில் வெயிலில் நின்று உழைப்போரும், கோடையில் வயல், முந்திரித் தோப்பு வேலைக்குச் செல்வோரும் வியர்வையால் நீரையும் உப்பையும் மிகுதியாக இழக்கின்றனர். சிறுநீர்ப் பெருக்கி அதே வேளையில் மேலும் நீரை வெளியேற்றுகிறது. விளைவாக இரத்த அழுத்தம் அளவுக்கு மீறிக் குறையலாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி நீர் அருந்துங்கள். இயன்றபோது நிழலில் ஓய்வெடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பது நீர் போதவில்லை என்பதன் அடையாளம். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள், கோடைக்கான அளவை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் ஆகியவற்றால் உண்ணவோ பருகவோ இயலாத நாள்களில் டெல்மிசார்டனும் சிறுநீர்ப் பெருக்கியும் சிறுநீரகத்திற்குச் சுமையாகலாம். அன்றே மருத்துவரைத் தொடர்புகொண்டு, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா, எப்போது மீண்டும் தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணையும் அழைக்கலாம்.

கர்ப்பமும் தாய்ப்பாலும்

டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் ஆகியவை கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிப்பவை; குழந்தையின் சிறுநீரக வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை. குழந்தைப்பேற்றுக்குத் திட்டமிடும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் காத்திராமல் பரிசோதித்து, கர்ப்பம் உறுதியானால் அன்றே மருத்துவரை அணுகுங்கள். கர்ப்ப காலத்தில் பயன்படுத்தத் தக்க லேபடலால், நிஃபெடிபைன், மெத்தில்டோபா போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. தாய்ப்பால் ஊட்டுவோரும் மருத்துவரிடம் சொல்லியே மருந்தைத் தொடர வேண்டும்.

மருந்து பயனளிக்கிறதா என்று அறிவது எப்படி?

கூட்டு மாத்திரையின் முழுப் பயன் தெரிய ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகலாம். நான்கு நாள்களில் அளவு குறையவில்லை என்று மருத்துவரை மாற்ற வேண்டாம். வீட்டில் அளவிடுவோர் மேற்கையில் பட்டை சுற்றும் மின்னணுக் கருவியைப் பயன்படுத்துங்கள். அளவிடுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காப்பி, தேநீர், புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படுமாறு, கையை இதய மட்டத்தில் மேசைமீது வைத்து ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் அளவிடுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

மருத்துவமனையில் 140/90க்குக் கீழும், வீட்டில் 135/85க்குக் கீழும் இருப்பது பலருக்குமான பொது இலக்கு. நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் இலக்கு மாறுபடலாம். உங்கள் இலக்கைக் கேட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்து தொடங்குவதற்கு முன்பும், தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களிலும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியிலும் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் ஆகிய இரத்தப் பரிசோதனைகள் தேவை. பல ஆண்டுகளாக ஒரே மருந்தைப் பெற்று வருவோர் இப்பரிசோதனைகளை மறந்துவிடுவதுண்டு. கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று நினைவில் இல்லையெனில், அடுத்த வருகையின்போது கேளுங்கள்.

அளவு சரியாகிவிட்டது, நிறுத்தலாமா?

கூடாது. அளவு சரியாக இருப்பது மருந்தின் செயலால்தான். நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ அழுத்தம் மீண்டும் உயரும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இன்றி உயரும். மெட்டோபுரோலால், அட்டெனோலால் அடங்கிய மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட நேரலாம். எடை குறைந்து, உப்பு குறைந்து, உடற்பயிற்சி கூடியதால் அழுத்தம் நன்கு தணிந்திருந்தால் மருத்துவரே அளவைக் குறைப்பார். அறுவை சிகிச்சைக்கு முன்பு மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

உடனடியாக 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சுவலி, மூச்சுத் திணறல்
• முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல்
• உதடு, நாக்கு, முகம், தொண்டை வீங்குதல்
• நினைவிழந்து விழுதல்
• இரத்த அழுத்தம் 180/120க்கு மேல் இருந்து, கடும் தலைவலி, பார்வை மங்கல் அல்லது மேற்கண்ட அறிகுறிகள் சேர்ந்திருத்தல்
• தவறுதலாகப் பல மாத்திரைகளை விழுங்கிவிடுதல். குழந்தை ஒரு மாத்திரையை விழுங்கினாலும் அவசரமே

சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, கண்வலியுடன் பார்வை திடீரென மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பராமரிப்போருக்கு

ஒரு தாளில் நோயாளரின் பெயர், மருந்துகளின் பெயர், மில்லிகிராம் அளவு, உட்கொள்ளும் நேரம், எதற்கான மருந்து என்பவற்றைத் தமிழில் எழுதுங்கள். ஒரு படியை மருந்துப் பெட்டியிலும், மற்றொன்றை நோயாளரின் பணப்பையிலும் வையுங்கள். மருந்து மாறும்போது தாளையும் மாற்றுங்கள். நிறுத்தப்பட்ட மருந்தின் மீதி அட்டைகளை அன்றே தனியே பிரித்துவிடுங்கள்; பழையதும் புதியதும் ஒரே பெட்டியில் கிடப்பதே பல தவறுகளுக்குத் தொடக்கம். பார்வை குறைந்த முதியவர்களிடம் "மாத்திரை போட்டாயிற்றா?" என்று கேட்பதோடு நில்லாமல், அட்டையில் எஞ்சியுள்ளவற்றை வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் மறதி. குறைவாக இருந்தால் இருமுறை விழுங்கியிருக்கிறார். இரண்டுமே கோபித்துக்கொள்ள வேண்டியவை அல்ல. மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.

நினைவில் கொள்ள வேண்டியவை

• உங்கள் மாத்திரையில் உள்ள மருந்துகளின் பெயரையும் அளவையும் அறிந்திருங்கள்.
• புதிய மாத்திரை வந்தால், பழையதில் எதை நிறுத்துவது என்று கேளுங்கள்.
• வலி மாத்திரையையும் சளி மாத்திரையையும் நீங்களாக வாங்காதீர்கள்.
• வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில் ஆகிய காலங்களில் விழிப்பாக இருங்கள்.
• நலமாக இருப்பதாக உணர்ந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே; உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரின் ஆலோசனைக்கு இவை மாற்றாகா. ஐயம் எழும்போது மருந்தை நிறுத்துவதற்கு முன் கேளுங்கள். கூட்டுவதற்கு முன்னும் கேளுங்கள்.